மலேரியா ஒட்டுண்ணிக்கு மரபணு மார்க்கர் உருவாக்குவது எப்படி, அதற்கு ஏன் இவ்வளவு காலம்?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் முதுகலை நுண்ணுயிரியல் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "மலேரியா ஒட்டுண்ணியின் ஜீனோமை 2002-லேயே முழுக்கப் படித்துவிட்டார்கள். அப்புறமும் மார்க்கர் உருவாக்குகிறோம் என்று வருடக்கணக்கில் ஆய்வு நடக்கிறதே, அதில் உருவாக்க என்ன இருக்கிறது? ஒரே மார்க்கரை வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியாதா?"

இரண்டாவதற்குப் பதில் சுலபம்: முடியாது. ஏன் முடியாது என்று சொல்லப் போனால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

2002-இல் படித்தது ஒரே ஓர் ஒட்டுண்ணியின் ஜீனோம், அதாவது அதன் முழு டி.என்.ஏ. வரிசை. பெயர் 3டி7. அதன் தாய் வகை, நெதர்லாந்தை விட்டு வெளியே போகாத, ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகில் வசித்த ஒருவரின் ரத்தத்தில் கிடைத்தது. விமானத்தில் வந்த கொசு கடித்திருக்க வேண்டும். 14 குரோமோசோம்கள், 2 கோடியே 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், 5,300 மரபணுக்கள். அருமையான வேலைதான். ஆனால் ஒருவருடைய முகத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு ஊரில் யார் யாருக்கு உறவு என்று சொல்ல முடியாது. மார்க்கர் என்பதே ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி மாறும் இடம்தான். மாற்றம் தெரிய வேண்டுமானால் பல ஊர் ஒட்டுண்ணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று போட்டு "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று எழுதுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மச்சத்துக்கும் அந்தப் பையனின் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஆளை அடையாளம் காட்டும். முகச்சாடை வேறு மாதிரி: ஆளைத் துல்லியமாகச் சொல்லாது, எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். மூன்றாவதாக, ஒருவனுக்கு மாலைக்கண் நோய் இருக்கிறதா என்று அறிய மச்சத்தையும் பார்க்க முடியாது, சாடையையும் பார்க்க முடியாது, கண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி மார்க்கர்களும் இப்படித்தான். இது அதே ஒட்டுண்ணியா, எந்த வம்சம், மருந்தைத் தாங்குமா என்பவை வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு வேகமாக மாறும் இடம் வேண்டும், இரண்டாவதற்கு மெதுவாக மாறும் இடம், மூன்றாவதற்கு அந்தத் திறனைத் தருகிற இடமே வேண்டும். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் பதில் வரும், தப்பான பதிலாக வரும்.

அதிகக் காலம் பிடித்தது மூன்றாவது வகைதான். குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1950-களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடிய எல்லைப் பக்கமும் கொலம்பியாவிலும் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் (மலேரியா ஒட்டுண்ணி இனங்களில் ஒன்று, 3டி7-உம் இதுதான்) தலைகாட்டியது. இருபது வருடத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வந்துவிட்டது. பொறுப்பான மரபணு எது என்று தெரிந்தது 2000-இல்தான். இடைப்பட்ட காலத்தில் தேடாமல் இல்லை. பிஎஃப்எம்டிஆர்1 என்ற மரபணு மேல் எல்லோருக்கும் சந்தேகம், ஏனென்றால் அதன் உறவுக்கார மரபணு புற்றுநோய்ச் செல்களில் மருந்தை வெளியே தள்ளும் வேலையைச் செய்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தாமஸ் வெல்லம்ஸ் குழு ஊகத்தை விட்டுவிட்டு ஒட்டுண்ணிகளுக்குக் கலப்பு மணம் செய்து வைத்தது. ஹோண்டுராஸிலிருந்து வந்த எச்பி3 மருந்துக்கு அடங்குவது, இந்தோசீனப் பகுதியைச் சேர்ந்த டிடி2 அடங்காதது. மலேரியா ஒட்டுண்ணியின் ஆண்–பெண் சேர்க்கை நடப்பது கொசுவின் வயிற்றில். ஆகவே இரண்டையும் கலந்து கொசுவுக்குக் கொடுத்து, அங்கே கலந்து பிறந்தவற்றைச் சிம்பன்ஸியில் வளர்த்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

இனிமேல்தான் மார்க்கரின் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் குரோமோசோம் துண்டு அப்பாவிடமிருந்து, எது அம்மாவிடமிருந்து என்று, குரோமோசோம் நெடுக நட்டு வைத்த மைல்கல் மாதிரி மார்க்கர்களைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். மருந்தைத் தாங்கிய பிள்ளைகள் எல்லாவற்றிலும் டிடி2-வின் துண்டாகவே இருக்கும் இடம் எது? 1990-இல் வந்த முதல் முடிவே சந்தேகப்பட்ட மரபணுவை வெளியே அனுப்பியது. பிறகு இடம் ஏழாவது குரோமோசோம் என்று தெரிந்தது. மைல்கற்களை நெருக்கி நெருக்கி நட்டு, 1997-இல் 36,000 எழுத்துகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

அந்தத் துண்டுக்குள் சிஜி2 என்று ஒரு மரபணு இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஒட்டுண்ணிகளில் பார்த்தபோது, மருந்தைத் தாங்குபவற்றில் சிஜி2 ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இருந்தது. ஆள் பிடிபட்டாயிற்று என்றே தோன்றியது. ஒரே ஒரு சூடான் ஒட்டுண்ணி மட்டும் ஒத்துவரவில்லை. அதன் சிஜி2 குற்றவாளி வடிவத்தில் இருக்கிறது, ஆனால் மருந்துக்குச் சாகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் கதை இந்தச் சூடான் ஒட்டுண்ணிதான். நூற்றில் ஒன்று விதிவிலக்கு என்று அதை ஒதுக்கியிருந்தால் தப்பான மரபணுவைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் போயிருக்கும். சிஜி2-வை வேறு வடிவத்துக்கு மாற்றி வைத்துப் பார்த்தார்கள், மருந்துக்கான எதிர்வினை மாறவேயில்லை. அதே துண்டில், 13 சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததால் யார் கண்ணிலும் படாமல் போன இன்னொரு மரபணு இருந்தது. பிஎஃப்சிஆர்டி. அதன் புரதத்தில் 76-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியது திரியோனினாக மாறியிருந்தால் மருந்து பலிக்காது. சூடான் ஒட்டுண்ணியில் அக்கம்பக்கத்து மாற்றங்கள் எல்லாம் இருந்தன, இந்த 76 மட்டும் மாறவில்லை. டேவிட் ஃபிடாக் முதல் ஆசிரியராக 2000-இல் வெளியிட்ட முடிவு இது.

அப்படியானால் சிஜி2? பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். குற்றவாளி எங்கே போனாலும் இவரும் கூடவே போனதால் இவரே குற்றவாளி போலத் தெரிந்தார். பக்கத்து வீட்டுக்காரரை மார்க்கராக வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் சேர்ந்து பயணிப்பது அறுபட்டுவிட்டால் அந்த மார்க்கர் பொய் சொல்லத் தொடங்கும். கொசு அதிகம் கடிக்கும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் வெவ்வேறு ஒட்டுண்ணிகள் அடிக்கடி கலப்பதால் இது சீக்கிரம் அறுபடும். கொசு குறைந்த தென் அமெரிக்காவில் நெடுநாள் அறுபடாது. ஓர் ஊரில் சரிபார்த்த மார்க்கரை இன்னோர் ஊரில் மறுபடி சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

மரபணு கிடைத்ததும் வேலை முடிந்ததா என்றால் இல்லை. மாலியில் அப்துலாயே ஜிம்டே குழு நோயாளிகளிடம் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன் 41 விழுக்காட்டினரிடம் இந்த 76 மாற்றம் இருந்தது. குளோரோகுயின் கொடுத்தும் போகாமல் மிஞ்சிய தொற்றுகளில் நூற்றுக்கு நூறு. மார்க்கர் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் மாற்றம் இருந்தும் பலர் குணமானார்கள், குறிப்பாக வயதில் பெரியவர்கள். பல வருடம் கடி வாங்கி வந்த எதிர்ப்பாற்றல் மருந்து விட்ட மிச்சத்தை முடித்துவிடுகிறது. ஆகவே மார்க்கர் ஒட்டுண்ணியைப் பற்றிச் சொல்லும், நோயாளி பிழைப்பாரா என்று சொல்லாது. ஊர் அளவில் மருந்தை மாற்றலாமா என்ற முடிவுக்கு அது போதும். மலாவி 1993-இல் குளோரோகுயினை நிறுத்தியது. 1992-இல் 85 விழுக்காடாக இருந்த அந்த மாற்றம் 2000-இல் 13 ஆகக் குறைந்தது.

அடுத்து ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து. இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் கண்டுபிடிப்பும் சீக்கிரம் நடந்தது. மேற்குக் கம்போடியாவின் பைலின் பகுதியில் ஒட்டுண்ணிகள் ரத்தத்திலிருந்து மறைய வழக்கத்தைவிட நேரம் எடுப்பதாக 2009-இல் வெளியானது. ஃபிரெடெரிக் ஆரியே, திதியே மெனார் குழுவினர் கலப்பு மணம் எதுவும் செய்யவில்லை. டான்சானிய ஒட்டுண்ணி ஒன்றை ஐந்து வருடம் ஆய்வகத்தில் ஆர்ட்டிமிசினின் கொடுத்துக் கொடுத்து வளர்த்தார்கள். அதன் உடன்பிறப்பை அதே ஐந்து வருடம் மருந்தில்லாமல் வளர்த்தார்கள். கடைசியில் இரண்டின் முழு ஜீனோமையும் படித்து வித்தியாசம் பார்த்தார்கள். முழு ஜீனோம் படிக்கும் வசதி மலிவானதன் பலன் இங்கே தெரிகிறது. ஒரு கைப்பிடி மாற்றங்களே இருந்தன, அதில் ஒன்று 13-ஆவது குரோமோசோமில் உள்ள கெல்ச்13. அதைக் கம்போடிய நோயாளிகளின் ஒட்டுண்ணிகளில் தேடியபோது வேறு மாற்றங்கள் அதே மரபணுவில் கிடைத்தன, சி580ஒய் (புரதத்தின் 580-ஆம் இடத்தில் வரும் மாற்றம்) அதில் பிரபலமானது. அப்புறம் மரபணுத் திருத்தம் செய்து அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, மாற்றியதும் ஒட்டுண்ணி மருந்தைத் தாங்குகிறது என்று காட்டினார்கள். சிஜி2-வில் சூடு கண்டவர்கள் இந்தக் கடைசிப் படியை விடமாட்டார்கள்.

கெல்ச்13-இல் ஏதாவது மாற்றம் கண்டாலே பயப்படக் கூடாது என்பதும் முக்கியம். ஏ578எஸ் என்ற மாற்றம் ஆப்பிரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கிறது, சி580ஒய்க்கு இரண்டே இடம் தள்ளி. அதற்கும் மருந்துக்கும் தொடர்பில்லை. மாறாக, ருவாண்டாவில் கண்டு 2020-இல் வெளியான ஆர்561எச் உண்மையிலேயே ஆபத்தானது. அது ஆசியாவிலிருந்து வந்ததா? இங்கேதான் முகச்சாடை மார்க்கர்கள் தேவை. ஜீனோமின் மற்ற பகுதிகளை ஒப்பிட்டதில் ஆசிய வம்சம் இல்லை, அங்கேயே பிறந்தது என்று தெரிந்தது. பைரிமெத்தமின் மருந்தில் கதை நேர்மாறு. ஆப்பிரிக்காவில் பரவிய, மூன்று இடங்களில் மாறிய மரபணு வடிவத்தின் இரு பக்கமும் இருந்த மைக்ரோசாட்டிலைட்டுகளைப் படித்தபோது அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த குடும்பம் என்று 2004-இல் வெளியானது. பைரிமெத்தமினில் எல்லையில் தடுத்திருக்கலாம், ருவாண்டாவில் தடுக்க எல்லையே இல்லை.

மைக்ரோசாட்டிலைட் என்றால் டிஏடிஏடிஏ என்று ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம். நகல் எடுக்கும்போது ஒன்றிரண்டு கூடும், குறையும், அதனால் வேகமாக மாறும். ஃபால்சிபாரத்தின் டி.என்.ஏ.வில் நூற்றுக்கு 80 எழுத்து ஏ அல்லது டி என்பதால் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதே காரணத்தால் தலைவலியும் உண்டு. நாம் குழாயில் நகல் எடுக்கும்போதும் நொதி வழுக்கும். ஓர் ஒட்டுண்ணிக்கு ஓர் அளவு வர வேண்டிய இடத்தில் கருவி வரையும் வரைபடத்தில் பக்கத்தில் குட்டிக் குட்டியாய் நிழல் உச்சிகள் வரும். இரண்டாவது ஒட்டுண்ணி இருக்கிறதா, நிழலா என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

அந்தப் பிரிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? மனித ரத்தத்தில் இருக்கும்போது மலேரியா ஒட்டுண்ணிக்கு ஒவ்வொரு குரோமோசோமும் ஒரே பிரதிதான். நமக்குப் போல ஜோடி கிடையாது. ஆகவே ஓர் இடத்தில் இரண்டு வடிவம் தெரிந்தால் உடம்பில் குறைந்தது இரண்டு வகை ஒட்டுண்ணி இருக்கிறது என்று அர்த்தம். இது ஒரு வரம். புதிய மருந்துச் சோதனைகளில் நோயாளியை 28 அல்லது 42 நாள் கவனிப்பார்கள். நடுவில் மறுபடி காய்ச்சல் வந்தால், பழைய ஒட்டுண்ணி தப்பித்ததா, புதிதாகக் கொசு கடித்ததா? முதல்நாள் ரத்தத்தையும் காய்ச்சல்நாள் ரத்தத்தையும் எம்எஸ்பி1, எம்எஸ்பி2 போன்ற வேகமாக மாறும் மார்க்கர்களில் ஒப்பிடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வடிவமாவது பொருந்தினால் பழையது என்பது வழக்கமான விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மார்க்கருக்குச் சமமாகப் பரவிய பத்து வடிவங்கள் உண்டு என்று வையுங்கள். நோயாளிக்கு ஒரே வகை ஒட்டுண்ணி என்றால் புதிய தொற்று தற்செயலாகப் பொருந்த பத்தில் ஒரு வாய்ப்பு. மூன்று மார்க்கரிலும் பொருந்த ஆயிரத்தில் ஒன்று. பிரமாதம். இப்போது அதிகம் கொசு கடிக்கும் ஊர், இரண்டு நாள் ரத்தத்திலும் மார்க்கருக்கு மும்மூன்று வடிவங்கள் தெரிகின்றன. ஒன்றாவது பொருந்த வாய்ப்பு 71 விழுக்காடு! மூன்று மார்க்கரிலும் பொருந்த சுமார் 36 விழுக்காடு. அதே மார்க்கர், அதே விதி, ஊர் மட்டும் வேறு. நல்ல மருந்து தோற்றுவிட்டதாக அறிக்கை போய்விடும். மார்க்கர் உருவாக்குவது என்பதில் பாதி வேலை இந்தக் கணக்குதான். கல்லூரியில் பி.சி.ஆர். (குழாயில் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) சொல்லித்தரும் அளவுக்கு இதைச் சொல்லித்தருவதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, ஆய்வக மேசைக்கு வருவோம். கிராமத்தில் விரல் நுனியில் குத்தி எடுத்த இரண்டு சொட்டு ரத்தம், வடிதாளில் காய வைத்தது. உங்களுக்குக் கிடைக்கும் மாதிரி அதுதான். ஒரு மைக்ரோலிட்டரில் 8,000 வெள்ளணு, 8,000 ஒட்டுண்ணி என்று வைத்துக்கொண்டாலும், வெள்ளணு ஒவ்வொன்றிலும் 600 கோடிக்கு மேல் எழுத்துகள், ஒட்டுண்ணியில் 2 கோடியே 30 லட்சம். அதாவது மனித டி.என்.ஏ. 260 மடங்குக்கும் மேல். அப்படியே ஜீனோமைப் படித்தால் நோயாளியின் ஜீனோமைத்தான் காசு கொடுத்துப் படிப்பீர்கள். வெள்ளணுவை முன்கூட்டியே வடிகட்ட வேண்டும், அதற்கு வயலிலேயே ஆள் வேண்டும். அல்லது ஒட்டுண்ணியின் பத்திருபது இடங்களை மட்டும் பி.சி.ஆரில் பெருக்க வேண்டும். "ஜீனோம் கையில் இருக்கும்போது மார்க்கர் எதற்கு" என்பதற்கு நடைமுறைப் பதில் இந்த இரண்டு சொட்டு. செனகலில் பயன்படும் 24 எழுத்து பார்கோடு இப்படி வந்ததுதான். 2 கோடியில் 24 இடம், தேர்ந்தெடுத்தது சரியாக இருந்தால் இரண்டு நோயாளிகளிடம் இருப்பது ஒரே ஒட்டுண்ணியா என்று சொல்லப் போதும்.

சுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஆய்வகத்தில், எல்லா மாதிரிகளிலும் மருந்தைத் தாங்கும் வடிவம் வந்தது. பெரிய விஷயம் பிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் வெறும் தண்ணீர் வைத்த குழாயிலும் அதே பேண்ட். முந்தின மாதம் பெருக்கிய டி.என்.ஏ. பைப்பெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெருக்குவதை ஓர் அறையிலும் தயாரிப்பதை வேறோர் அறையிலும் செய் என்பதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

எந்த இனம் என்று சொல்லும் மார்க்கரும் ஏமாற்றும். போர்னியோவின் சரவாக் மாநிலத்தில், காபிட் பகுதியில், மைக்ரோஸ்கோப் மலேரியே என்ற இனம் என்று சொன்ன நோயாளிகளுக்கு ஒட்டுண்ணி எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மலேரியே இனத்துக்கான ப்ரைமரிலும் (பி.சி.ஆரில் எந்த இடத்தைப் பெருக்குவது என்று காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒன்றும் வரவில்லை. பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழு வரிசையைப் படித்துப் பார்த்தது. குரங்குகளின் மலேரியா ஒட்டுண்ணியான நோலெசி! 208 பேரில் 120 பேருக்கு அதுதான் என்று 2004-இல் வெளியிட்டார்கள். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே சாடை. இதில் ஒரு பின்கதை உண்டு. நோலெசிக்கென்று அப்போது செய்த ப்ரைமர் ஜோடி வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா இனத்தின் சில மாதிரிகளையும் பிடித்து நோலெசி என்று சொல்லிவிடும் என்பது 2009-இல் தெரியவந்தது. வைவாக்ஸில் உள்ள ஒரு வரிசை அதோடு போதிய அளவு ஒத்துப்போனது. தன்னைப் பிடிக்கிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது, பக்கத்து இனத்தை விடுகிறதா என்றும் பல ஊர் மாதிரிகளில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் சென்னையில் இருப்பதாகச் சொன்னதால் வைவாக்ஸ். அங்கே பார்க்கும் மலேரியா பெரும்பாலும் அதுதான். மேலே சொன்ன வழிகளில் பாதி இதற்கு அடைபட்டுவிடுகிறது. ஃபால்சிபாரத்தை 1976-இலிருந்து குடுவையில் தொடர்ந்து வளர்க்கிறோம், வைவாக்ஸை அப்படி வளர்க்க முடியவில்லை. ஐந்து வருடம் மருந்து கொடுத்து வளர்க்கும் சோதனை கனவுதான். குளோரோகுயினைத் தாங்கும் வைவாக்ஸ் பப்புவா நியூ கினியிலிருந்து 1989-இல் பதிவானது. பிஎஃப்சிஆர்டி-யின் சகோதர மரபணு வைவாக்ஸிலும் இருக்கிறது, ஆனால் 76-ஆம் இடம் மாதிரி கைகாட்டும் நம்பகமான மார்க்கர் அதில் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கல்லீரலில் தூங்கும் வடிவம். நான்கு மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்புகிறது. ரத்தத்தில் தப்பியதா, கல்லீரலில் விழித்ததா, புதிதாகக் கடித்ததா? விழிப்பது முதல் காய்ச்சலைக் கொடுத்த ஒட்டுண்ணியாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன்னால் வேறொரு கொசு விட்டுப்போன வேறு வகையாகவும் இருக்கலாம். மார்க்கர் பொருந்தவில்லை என்பதால் புதிய கடி என்று சொல்ல முடியாது. பொருந்துகிறது என்பதால் மாத்திரை தோற்றது என்றும் சொல்ல முடியாது. எத்தனை எழுத்து கூடுதலாகப் படித்தாலும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீராது, ஏனென்றால் குழப்பம் டி.என்.ஏ.வில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. இப்போது செய்வதெல்லாம் காய்ச்சல் திரும்பிய நாள் கணக்கையும், இரண்டு ஒட்டுண்ணிகள் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதையும் சேர்த்து வைத்து, எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பதுதான். ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இங்கேதான் உட்காருவேன்.